மணிக்கட்டில் இரண்டு அதிர்வு

அத்தியாயம் பதினான்கு

போன வாரம் வெள்ளிக்கிழமை அடுப்பில் கருகியது ஒரு பால் பாத்திரம். அந்த நெடி வீட்டைவிட்டுப் போக இரண்டு நாள் ஆயிற்று. நாத்தனாரின் மனதைவிட்டு இன்னும் போகவில்லை.

மருமகள் வேலைக்குப் போயிருந்த நேரம் அது. மாமனார் பேத்திக்குப் பால் காய்ச்ச அடுப்பைப் பற்ற வைத்துவிட்டு, கூடத்தில் குறுக்கெழுத்துப் போட உட்கார்ந்தார். பால் பொங்கி, வற்றி, கருகி, அவர் தலைக்கு நேர் மேலே இருந்த புகை அலாரம் கட்டடமே திரும்பிப் பார்க்கும்படி அலறியது. அவர் ஐந்தெழுத்தில் ஒரு பறவையைத் தேடிக்கொண்டிருந்தார். ஜலதோஷத்தில் மூக்கும் அன்றைக்கு விடுமுறை. எதிர் ஃபிளாட் தையல்காரம்மா தன்னிடமிருந்த மாற்றுச் சாவியைப் போட்டுத் திறந்து உள்ளே வந்தபோது, உள்ளறையில் பதினோரு மாதக் குழந்தை இருமிக்கொண்டிருந்தது.

முப்பத்தோரு வருடம் கிரேன் ஓட்டியவர் மாமனார். பட்டறைச் சத்தம் அவர் காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று, இரண்டு வருடத்துக்கு முன்பு மிச்சத்தையும் விழுங்கிவிட்டது. நரம்பே போய்விட்டது, காதில் எந்தக் கருவியை மாட்டினாலும் பிரயோஜனமில்லை என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். உதட்டசைவைப் பார்த்துப் பாதி புரிந்துகொள்வார். மீதிக்கு ஒரு சின்ன வெள்ளைப் பலகையும் பேனாவும் உண்டு.

நாத்தனார் பெரிய மருத்துவமனையில் தலைமை நர்ஸ். நாற்பது படுக்கைகளை ஒரு பார்வையில் அடக்கி வைப்பவள். அன்றே ஃபோனில் தீர்ப்பைச் சொல்லிவிட்டாள்.

"அடுத்த சனிக்கிழமை வரேன். அப்பாவை என்கூட கூட்டிட்டுப் போறேன். நீ வேலையை விட்டுட்டுக் குழந்தையைப் பார்த்துக்கோ. இதுல பேசறதுக்கு ஒண்ணுமில்ல."

பேசுவதற்கு மருமகளுக்கு நிறையவே இருந்தது. கண்ணாடிக் கடையில் மூன்று வருடம் துடைத்துப் பெருக்கி, இப்போதுதான் அவளை லென்ஸ் பொருத்தும் மேஜைக்கு மாற்றியிருந்தார்கள். மாமனாருக்கோ பேத்திதான் இப்போதைக்கு இருக்கிற ஒரே உத்தியோகம். கப்பலில் எஞ்சின் அறையில் இருந்த கணவனிடமிருந்து வந்த செய்தி, "ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்க" என்பதோடு முடிந்தது. பத்தாயிரம் மைல் தள்ளி இருப்பவனுக்கு அது சுலபம்.

"ஒரு வாரம் கொடுங்க அண்ணி" என்று மட்டும் கேட்டாள் மருமகள்.

"எதுக்கு?"

"ஒண்ணு செஞ்சு பார்க்கறேன்."

அந்தப் பக்கம் நீண்ட மூச்சு கேட்டது. மருமகள் செய்து பார்த்தவை அந்தக் குடும்பத்தில் பிரசித்தம். கட்டைவிரல் அகலத்தில் ஒரு கம்ப்யூட்டர் போர்டை வாங்கி, அதில் நாலு கம்பியைச் சுட்டு ஒட்டி, தானாகச் செடிக்குத் தண்ணீர் விடும் கருவி ஒன்றை அவள் செய்ததும், அது செடியை விட்டுவிட்டு சோபாவுக்குத் தண்ணீர் விட்டதும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். அன்றைக்கு அந்த சோபாவில் உட்கார்ந்திருந்தவள் நாத்தனார்.

இதோ, அந்தச் சனிக்கிழமை வந்துவிட்டது.

காலை எட்டு மணிக்குச் சாப்பாட்டு மேஜையில் சாப்பாடு இல்லை. ஈயம் உருக்கி ஒட்டும் சூட்டுக்கோல் சூடாகிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இரண்டு சிறு பெட்டிகளும் ஒரு கைப்பட்டையும் இருந்தன. முதல் பெட்டி தொட்டிலில் மாட்ட வேண்டியது. குழந்தை விடாமல் இரண்டு விநாடி அழுதால் அதிலிருக்கும் மைக் கண்டுகொள்ளும். இரண்டாவது சமையலறைக்கு, புகைக்காக. மூன்றாவது பெட்டியைத் திங்கட்கிழமை காலையிலேயே வாசலில் மாட்டிவிட்டாள், அழைப்பு மணிக்காக. மூன்றும் கம்பியில்லாமல் கைப்பட்டைக்குச் செய்தி அனுப்பும். கைப்பட்டைக்குள் இருக்கிற துளி மோட்டார், செல்ஃபோன் அதிர்வதுபோல் மாமனாரின் மணிக்கட்டில் அதிரும். காது போனாலும் தோல் இருக்கிறதே என்பது அவள் கணக்கு.

கணக்கு சரிதான். கைப்பட்டைதான் சண்டித்தனம் செய்தது. செய்தி வரும், மோட்டார் ஒரே ஒரு துடி துடிக்கும், உடனே போர்டு மயங்கி விழுந்து முதலிலிருந்து எழுந்திருக்கும். மூன்று நாளாக இதே கதை. புரோகிராமை வரி வரியாக மாற்றி எழுதிப் பார்த்துவிட்டாள். எட்டாவது தடவையாகப் படித்தபோது எழுத்துகளே கண்ணில் நீந்த ஆரம்பித்தன.

மாமனார் எதிர் நாற்காலியில் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேத்திக்கு அவர் வைத்த பெயர் சூப்பர்வைசர். வேலை எதுவும் செய்யாது, எல்லாவற்றையும் மேற்பார்வை பார்க்கும், திருப்தியில்லாவிட்டால் கத்தும்.

"என்னம்மா, மூச்சு பேச்சைக் காணோம்" என்றார். தன் குரல் தனக்குக் கேட்காததால் பக்கத்து ஃபிளாட்டுக்கும் சேர்த்தே பேசுவார். "முடியலன்னா விடு. நான் போய் அவ வீட்ல ஒரு மூலையில உட்கார்ந்துக்கறேன். அவ என்னை நல்லாத்தான் பார்த்துப்பா. டெம்பரேச்சர் எடுப்பா. மாத்திரை கொடுப்பா. விளக்கை அணைப்பா."

மருமகள் பலகையை இழுத்து எழுதினாள். 'கொஞ்ச நேரம் சும்மா இருங்க மாமா.'

அவர் வாசித்துவிட்டுச் சிரித்தார். கண் சிரிக்கவில்லை.

அவள் கடையில் பயன்படுத்தும் உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துக் கண்ணில் மாட்டிக்கொண்டாள். புரோகிராமைப் பார்த்தது போதும், பொருளைப் பார்க்கலாம் என்று தோன்றியது. தொட்டில் பெட்டியில் சோதனைக்கென்று ஒரு பொத்தான் வைத்திருந்தாள். பொத்தானை அழுத்தினாள். மோட்டார் துடித்தது. போர்டின் ஓரத்தில் கடுகளவு பச்சை விளக்கு ஒன்று உண்டு. மோட்டார் துடித்த அதே கணத்தில் அது கண் சொருகியது. வெறுங்கண்ணுக்குத் தெரியாத அளவு, ஒரு இமைப்பொழுதுக்கும் குறைவாக.

மறுபடி அழுத்தினாள். மறுபடி சொருகியது.

"அடப்பாவி" என்றாள் வாய்விட்டு. "பட்டினியா கிடக்கறே நீ?"

புரோகிராமில் தப்பே இல்லை. மோட்டார் கிளம்பும் கணத்தில் பேட்டரியில் இருப்பதையெல்லாம் உறிஞ்சிக் குடித்துவிடுகிறது. போர்டுக்கு வாயில் போட எதுவுமில்லை, மயங்கிவிடுகிறது. அவள்தான் அவசரத்தில் மோட்டாரை நேராக போர்டின் ஊசிக்காலிலேயே கட்டிவிட்டிருந்தாள்.

அப்புறம் நாற்பது நிமிடம் அவள் தலை நிமிரவில்லை. மோட்டாரைப் பிரித்தெடுத்து, நடுவில் ஒரு டிரான்ஸிஸ்டரை வைத்தாள். இனி போர்டு கட்டளை மட்டும் கொடுக்கும். மோட்டார் தன் தீனியைப் பேட்டரியிடம் வாங்கிக்கொள்ளும். மோட்டார் திருப்பி உதைக்காமலிருக்க ஒரு டையோடு. பழுதான சார்ஜரைப் பிளந்து அதிலிருந்து ஒரு கெபாசிட்டரைப் பிடுங்கி, போர்டுக்குப் பக்கத்தில் ஒட்டினாள். வீட்டு மாடியில் தண்ணீர்த் தொட்டி இருப்பதுபோல, போர்டுக்கென்று ஒரு குட்டித் தொட்டி. வரத்து நின்றாலும் ஒரு விநாடி தாங்கும். ஈயப் புகை மேலே எழ, மாமனார் பேத்தியைத் தூக்கிக்கொண்டு ஜன்னலோரம் போய்விட்டார்.

கைப்பட்டையை அவர் மணிக்கட்டில் கட்டிவிட்டுச் சோதனைப் பொத்தானை அழுத்தினாள்.

மாமனாரின் புருவம் ஏறியது. ஏறி அங்கேயே நின்றது. மணிக்கட்டு அதிர்ந்துகொண்டே இருந்தது. பச்சை விளக்கு இமைக்கக்கூட இல்லை.

"உயிர் இருக்கு" என்றார் அவர். மூன்று மாடிக்கும் கேட்டது.

சரியாகப் பத்தரைக்கு நாத்தனார் வந்தாள். கையில் ஒரு காலிப் பெட்டி. அப்பாவின் துணிமணிக்கு. செருப்பைக் கழற்றும்போதே மேஜையையும் கம்பிக் குப்பையையும் மருமகளின் சுட்ட விரலையும் ஒரே பார்வையில் கணக்கெடுத்துவிட்டாள்.

"கையில ஆயின்மென்ட் போட்டியா?"

"போட்டேன் அண்ணி."

"பொய் சொல்லாதே. போய்ப் போட்டுட்டு வா." பெட்டியைச் சுவரோரம் வைத்தாள். "இதானா அது? சரி, காட்டு. தண்ணி எதுவும் வராதே?"

மருமகள் விளக்கினாள். மணி அடித்தால் மூன்று குட்டை அதிர்வு. குழந்தை அழுதால் இரண்டு நீளம், ஒரு குட்டை. புகை என்றால் ஒரு குட்டை, இரண்டு நீளம். அவர் கைப்பட்டைப் பொத்தானை அழுத்தினால் அதிர்வு நிற்கும். நாத்தனார் மூன்றையும் விரல் விட்டு எண்ணிக்கொண்டாள். அப்பாவை வாசலுக்கு முதுகு காட்டி உட்கார வைத்துவிட்டு, தானே வெளியே போய் அழைப்பு மணியை அழுத்தினாள்.

மாமனார் துள்ளி எழுந்தார். நிமிர்ந்த தோளோடு, தலையை உயர்த்திக்கொண்டு, விடுவிடுவென்று நடந்துபோய்ப் பேத்தியின் தொட்டிலை எட்டிப் பார்த்தார்.

தொட்டில் காலி. பேத்தி மருமகள் இடுப்பில் இருந்தாள்.

நாத்தனார் உள்ளே வந்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவள் மெதுவாகத்தான் சொன்னாள். "பார்த்தியா?"

அடுத்த முறை புகைக்கு வாசல் கதவைத் திறந்தார். அதற்கடுத்த முறை, அதிர்வு முடியும் முன்பே எண்ண மறந்துபோய் நடுக்கூடத்தில் நின்றுவிட்டார். கைப்பட்டை வேலை செய்தது. அது சொல்வதுதான் அவருக்குப் பிடிபடவில்லை.

"அறுபத்தெட்டு வயசு அவருக்கு" என்றாள் நாத்தனார். "தந்தி ஆபீஸ்காரராட்டம் நீளம் குட்டைன்னு எண்ணிட்டு நிக்க முடியுமா? நிஜமான நேரத்துல பதட்டம் வேற இருக்கும். உன் மேல தப்பு சொல்லலம்மா. நல்லாத்தான் செஞ்சிருக்கே. ஆனா இது போதாது."

மாமனார் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பலகையை எடுக்கவில்லை. கைப்பட்டையைத் தட்டிக் காட்டிக் கேட்டார்.

"இதை நமக்கு வேணும்கிற மாதிரி மாத்தலாமா?"

மருமகள் தலையாட்டினாள்.

"அப்படின்னா எனக்குத் தெரிஞ்ச பாஷையில பேசச் சொல்லு. பட்டறையில கீழேருந்து விசில் அடிப்பான். ஒண்ணுன்னா நிறுத்து. ரெண்டுன்னா தூக்கு. மூணுன்னா இறக்கு. முப்பத்தோரு வருஷம். தூக்கத்துல அடிச்சாலும் என் கை தானா லீவருக்குப் போகும்." அவர் விரலை மடக்கினார். "புகை வந்தா ஒண்ணு. அடுப்பை நிறுத்து. குழந்தை அழுதா ரெண்டு. தூக்கு. வாசல்ல ஆள் வந்தா மூணு. நான் இறங்கிப் போய்ப் பார்க்கணும். அவ்வளவுதானே?"

 ஒரு வாரமாக மண்டையை உடைத்துக்கொண்ட மருமகள், கைப்பட்டையைக் கட்டிக்கொள்ளப் போகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று நினைக்கவே இல்லை. வெட்கமாகத்தான் இருந்தது. மடிக்கணினியை இழுத்தாள். மூன்று வரிகள் மாற்ற மூன்று நிமிடம் போதுமாயிருந்தது.

அதன்பிறகு நாத்தனார் பதினோரு முறை சோதித்தாள். ஃபோனில் அழுகைச் சத்தத்தை ஓட விட்டாள். ஊதுபத்தியைக் கொளுத்தி சமையலறைப் பெட்டிக்கு அடியில் பிடித்தாள். மாமனார் முகம் கழுவும்போது, செய்தித்தாள் படிக்கும்போது, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது. பதினோரு முறையும் அவர் கால், எண்ணுவதற்கு முன்பே சரியான திசையில் போயிற்று. கடைசி முறை போகிற வழியில் ஒரு வாய்ப்பாட்டையும் மென்றுகொண்டே போனார், "ஒண்ணு நிறுத்து, ரெண்டு தூக்கு" என்று.

நாத்தனாரின் முகம் இளகியது உண்மைதான். முடிவு இளகவில்லை.

மதியம் குழந்தை தூங்கியதும், அவள் அப்பாவின் அறைக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து கட்டில்மேல் வைத்தாள். 'துணி எடுத்து வைங்க' என்று பலகையில் எழுதினாள். அவர் ஒரு சட்டையை எடுத்து, மடித்து, பிரித்து, மறுபடி மடித்தார்.

மருமகள் நாத்தனாரைப் பின்பக்கப் பால்கனிக்கு அழைத்துப் போய்க் கதவைச் சாத்தினாள். அங்கே துணி துவைக்கும் இயந்திரம் கடைசிச் சுற்றில் தடதடவென்று ஆடிக்கொண்டிருந்தது. இவர்கள் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. கத்துவதற்கு இருவருக்குமே அது வசதியாகவும் இருந்தது.

"பதினோரு தடவை சரியா செஞ்சார் அண்ணி. இன்னும் என்ன வேணும்?"

"பரீட்சைன்னு தெரிஞ்சு எழுதினார். தினம் தினம் இப்படி உஷாரா இருப்பாரா? நான் வார்டுல பார்க்காத மெஷினா? எல்லாம் நல்லாத்தான் இருக்கும், ஒரு நாள் வரைக்கும்."

"அவர் உங்க வீட்டுக்கு வந்து என்ன செய்வார்? நீங்க டியூட்டிக்குப் போயிட்டா அங்கேயும் தனியாத்தானே இருக்கணும்?"

"அங்கே குழந்தை இல்ல." நாத்தனாரின் குரல் உடைந்தது. "குழந்தைக்கு ஏதாவது ஆச்சுன்னு வை. நீ அவரை மன்னிப்பே. தம்பி மன்னிப்பான். அவர் தன்னை மன்னிச்சுப்பாரா? அதுக்கப்புறம் எங்கப்பா மிச்சம் இருப்பாரா? அதை யோசிச்சியா நீ?"

 இவள் பிடிவாதம் பிடிக்கிறாள், அதிகாரம் பண்ணுகிறாள் என்றுதான் மருமகள் ஒரு வாரமாக மனதுக்குள் கரித்துக்கொட்டியிருந்தாள். பயப்படுகிறாள் என்று தோன்றவே இல்லை.

"யோசிக்கல அண்ணி" என்றாள்.

"யோசி."

இயந்திரம் இன்னும் வேகமெடுத்தது.  அப்புறம் சுழற்சி தளர்ந்து, ஒரு உதறு உதறி, நின்றது. திடீரென்று வந்த அமைதியில் பால்கனிக் கதவு படாரென்று திறந்தது.

மாமனார் நின்றிருந்தார். தோளில் பேத்தி. அழுது முடித்து, விக்கிக்கொண்டு, அவர் சட்டைக் காலரை வாயில் வைத்திருந்தாள். அவர் கையில் பேத்தியின் கால் பத்திரமாக இருந்தது. முழங்காலுக்கு மேலே வளையல் போட்டதுபோல் சிவப்புத் தடம்.

"உங்க ரெண்டு பேருக்கும் காது இல்லையா?" என்று கேட்டார்.

பேத்தியின் காலை உயர்த்திக் காட்டினார்.

"தொட்டில் கம்பிக்கு நடுவுல கால் மாட்டிக்கிச்சு. இழுக்க இழுக்க இறுகுது. புள்ளை மூச்சுக்கட்டி அழுதிருக்கு, முகமெல்லாம் நீலம் பாரிச்சுப் போச்சு. ரெண்டு வந்துச்சு. ஓடினேன். உடம்பை முன்னால தள்ளி, காலைச் சாய்ச்சு, தூக்கினேன். வந்துட்டா. நீங்க ரெண்டு பேரும் இங்க நின்னு யார் என்னைப் பார்த்துக்கறதுன்னு சண்டை போட்டுட்டு இருக்கீங்க."

நாத்தனார் அந்தக் காலை வாங்கிப் பார்த்தாள். விரலால் அழுத்தினாள், மடக்கினாள், நீட்டினாள், பாதத்தின் சூட்டைப் பார்த்தாள்.  

"ஒண்ணுமில்ல. எலும்பு நல்லா இருக்கு. தடம் சாயங்காலத்துக்குள்ள போயிடும்." குழந்தையின் பாதத்தில் முத்தம் வைத்தாள். அப்புறம் அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்து, அந்தக் கைப்பட்டைமேல் தன் உள்ளங்கையை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். நாடி பார்ப்பதுபோலத்தான் இருந்தது.

மருமகள் தொட்டிலருகே போனாள். தரையில் உட்கார்ந்து கம்பிகளின் இடைவெளியை விரலால் அளந்து பார்த்தாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு வந்தன. தொட்டில் பெட்டியின் பச்சை விளக்கு எதுவும் நடக்காததுபோல் எரிந்துகொண்டிருந்தது.

பின்னாலிருந்து நாத்தனாரின் குரல் கேட்டது. வார்டு ரவுண்டில் கேட்கும் அதே குரல்.

"பேட்டரி எத்தனை மணி நேரம் வரும்?"

"பதினாலு மணி நேரம் அண்ணி."

"ரெண்டு வாங்கு. ஒண்ணு கையில, ஒண்ணு சார்ஜ்ல. மாத்தற நேரத்தை எழுதி ஒட்டு. இந்தத் தொட்டில் கம்பிக்கு உள்பக்கம் துணி கட்டணும், எதிர் வீட்டம்மாகிட்ட இப்பவே சொல்லித் தைக்கச் சொல்லு. வாரத்துக்கு ஒரு தடவை நான் சொல்லாம வந்து மணி அடிப்பேன்." போகத் திரும்பினாள். "திங்கக்கிழமை நீ வேலைக்குப் போ."

அவள் அப்பாவின் அறைக்குள் போனாள். பெட்டியிலிருந்த இரண்டு சட்டைகளை எடுத்து அலமாரியில் அடுக்கும் சத்தம் கேட்டது. அடுக்கும்போது, அலமாரி ஒழுங்காக இல்லை என்று திட்டும் சத்தமும் கேட்டது. மாமனாருக்கு அது கேட்கவில்லை. ஆனால் வாசல்படியில் நின்று மகளின் உதட்டைப் பார்த்து, ஒவ்வொரு வசவையும் ரசித்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் தையல்காரம்மா தொட்டிலுக்கு அளவெடுத்துவிட்டுப் போனாள். நாத்தனார் சமையலறையில் குழந்தைக்குப் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். மருமகள் மடிக்கணினியைத் திறந்தாள். எது எப்போது நடந்தது என்பதை அவள் கருவி மணி, நிமிடம், விநாடியோடு வரிசையாகக் குறித்து வைக்கும். அந்த வரிகளைக் கணவனுக்கு அனுப்ப வேண்டும் என்று கை துடித்தது.

'3:42:07, அழுகை. 3:42:26, பொத்தான்.'

பத்தொன்பது விநாடி. ஓடி, காலை விடுவித்து, தூக்கி, பொத்தானையும் அழுத்தியிருக்கிறார். அவள் அதை அப்படியே கப்பலுக்கு அனுப்பினாள். கீழே ஒரே வரி எழுதினாள். 'உங்கப்பா.'

பெருமை தாங்காமல் மேலே தள்ளிப் பார்த்துக்கொண்டே போனாள். காலைச் சோதனைகள் போயின. நேற்றைய வெள்ளிக்கிழமை வந்தது. அங்கே அவள் விரல் நின்றது.

வாசல் பெட்டியில் மணிக்கு மட்டுமல்லாமல், கதவு திறந்தால் தெரிவதற்கும் ஒரு சின்னக் காந்த ஸ்விட்ச் வைத்திருந்தாள். பின்னால் உபயோகப்படும் என்று. யாரிடமும் சொல்லவில்லை.

'வெள்ளி 11:10, கதவு. 11:48, கதவு.'

வியாழன் 11:10. புதன் 11:11. செவ்வாய். திங்கள். ஐந்து நாளும் அவள் கடையில் இருந்த நேரம். கருவி தயாராகும்வரை குழந்தை எதிர் வீட்டுத் தையல்காரம்மாவிடம். ஐந்து நாளும் மணி அடிக்கவே இல்லை, கதவு மட்டும் திறந்திருக்கிறது. தினமும் சாயங்காலம் "யாராவது வந்தாங்களா, எங்கயாவது போனீங்களா" என்று அவள் பலகையில் எழுதிக் கேட்டிருக்கிறாள். "யார் வரப்போறா, நான் எங்க போகப்போறேன்" என்பதுதான் ஐந்து நாளும் பதில்.

அவள் திரையை மாமனார் பக்கம் திருப்பி, அந்த வரிகளைச் சுட்டிக் காட்டினாள்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். இன்னொரு தடவை வாசித்தார். சமையலறைப் பக்கம் ஒரு முறை பார்த்தார். பிறகு தன் தொண்டையில் இரண்டு விரலை வைத்து, அங்கே அதிர்வு அடங்கும்வரை குரலை இறக்கினார். இரண்டு வருடத்தில் அவர் அப்படித் தணிந்து பேசி அவள் கேட்டதில்லை.

"பெரியவளுக்குத் தெரிய வேண்டாம்மா" என்றார். "திங்கக்கிழமை ஒரு நாள் மட்டும் பதினோரு மணிக்கு நீ வீட்ல இரு. நான் வாயால சொல்ல மாட்டேன். நீயே வந்து பாரு."